மூன்று புரி, ஒரு கயிறு

நாமக்கல் பக்கத்துக் கலியாணப் பந்தி ஒன்றில் என் அருகே அமர்ந்திருந்த பெரியவர், சின்ன வெங்காயச் சாம்பாரோடு வந்த இளைஞனைக் கைகாட்டி நிறுத்தி, "வேண்டாங் கண்ணு, அது தாமசம்" என்றார். பின்னாலேயே வந்த நெய்க் கிண்ணத்தை மட்டும், ராசிபுரத்து நெய்தானா என்று கேட்டறிந்து, இரண்டாம் முறையும் சாய்க்கச் சொன்னார். தம் நாவையும் வயிற்றையும் ஆளுகிற உரிமை யாவர்க்கும் உண்டு. ஆகையால் அவர் சாம்பாரை மறுத்ததில் நான் குறை காணவில்லை. ஆனால் அவர் அதனோடு நிற்காமல், "இதையெல்லாம் திங்கறவங்களுக்குத் தமோ குணந்தான் மிஞ்சும், நம்ம பக்கத்துச் சனம் மேலே வராததுக்கு அதுதான் காரணம்" என்று, வரிசையில் உண்டுகொண்டிருந்த அத்தனை பேருடைய குணத்துக்கும் அங்கேயே ஒரு தீர்ப்பை எழுதி முடித்தார். இளைஞன் சிரித்துக்கொண்டே அடுத்த இலைக்குப் போய்விட்டான். எனக்குத்தான் அந்தத் தீர்ப்பு சோற்றோடு இறங்கவில்லை.

அந்தப் பெரியவர் தாமாகக் கண்டுபிடித்துச் சொன்னது ஒன்றுமில்லை. உபந்நியாச மேடையிலும், யோகாசன வகுப்பிலும், கோயில் வாசலில் விற்கும் சிறு நூல்களிலும், கடையில் அடுக்கிய பலகாரப் பொட்டலங்களின் மேலும் இன்று வழங்குகிற அபிப்பிராயத்தையே அவர் பந்தியில் பேசினார். அந்த அபிப்பிராயம் மூன்று படிகளாக ஏறுகிறது. உலகத்துப் பொருள்களைச் சத்துவமுள்ளவை, ரஜஸுள்ளவை, தமஸுள்ளவை என மூன்று குவியல்களாகப் பிரித்துவிடலாம் என்பது முதற்படி. எந்தக் குவியலிலிருந்து உண்கிறானோ அந்தக் குணத்தவனாகவே மனிதன் ஆகிறான் என்பது இரண்டாம் படி. ஆகவே இன்ன தொழிலார், இன்ன குலத்தார் இன்ன குணத்தவர் என்று தரம் பிரிப்பது சாஸ்திர சம்மதமானது என்பது மூன்றாம் படி. முதற்படியே பிழை என்பதும், பிழையான படிமேல் ஏற்றிவைத்த மற்ற இரண்டும் அதனோடு சரியும் என்பதும், இதற்குச் சாட்சியாக அழைக்கப்படும் நூல்களே எதிர்ச்சாட்சி சொல்லுகின்றன என்பதும் நான் இங்கே நிலைநாட்ட விரும்புபவை.

முக்குணக் கொள்கைக்குத் தாய்வீடு சாங்கியம். கபிலரை ஆதி குருவாகக் கொண்ட அந்தத் தரிசனத்தை ஏறத்தாழ எழுபது சுலோகங்களில் அடக்கித் தந்தவர் ஈசுவர கிருஷ்ணர். அவருடைய சாங்கிய காரிகை கி.பி. 6ஆம் நூற்றாண்டிலேயே பரமார்த்தர் என்னும் பௌத்த பிக்ஷுவின் கையால் சீன மொழிக்குப் போயிற்று. தமிழுக்கும் அது அந்நியமன்று. மணிமேகலை பல சமயத்தாரையும் அணுகி அவரவர் கொள்கையைக் கேட்கும் காதையில் சாங்கியனும் தன் தத்துவங்களை எண்ணிக் காட்டுகிறான். நீத்தார் பெருமையில் ஐம்புலன்களின் வகையைப் பேசும் குறளுக்கு உரை கண்ட பரிமேலழகரும் சாங்கியரின் தத்துவ முறையையே அங்கே விரித்துவைக்கிறார்.

இவ்வளவு நெடுநாள் பழக்கமுள்ள கொள்கையில் முதலில் பிழைபட்டது 'குணம்' என்ற சொல்லே. நம் பேச்சில் குணம் என்பது ஒரு பொருளுக்கு உரிய தன்மை: சர்க்கரைக்கு இனிப்பு, நெருப்புக்குச் சூடு, சில மாமனார்களுக்குக் கோபம். வடமொழியில் அதே சொல்லுக்குப் புரி, இழை, வில்லின் நாண் என்ற பொருள்களும் உண்டு; சாங்கியக் கொள்கைக்குப் பொருந்துவது அந்தப் பொருளே. பிரகிருதி என்று ஒன்று தனியே இருக்க, அதன்மேல் மூன்று குணங்கள் சாயம்போல் ஏறியிருப்பதாக அவர்கள் சொல்லவில்லை. மூன்றும் சமநிலையில் நிற்பதே மூலப்பிரகிருதி, அந்தச் சமநிலை குலைந்து ஒன்று மற்றவற்றை மிஞ்சத் தொடங்குவதே உலகத் தோற்றம் என்றார்கள். மோட்டார் வருமுன் நம் கிணறுகளில் கவலை இறைத்த காலத்து வடக்கயிற்றைக் கையில் பிடித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். புரிகளை நீக்கிவிட்டால் கயிறு என்று தனியே எஞ்சுவது ஏதுமில்லை. ஒரு புரியை உருவினாலோ மற்ற இரண்டும் முறுக்கு விட்டுப் போய், சால் கிணற்றுக்குள் விழும். ஒரு புரிதான் உயர்ந்த கயிறு, மற்றொன்று இழிந்த கயிறு என்பது, கயிறு திரித்தறியாதவர்கள் திரிக்கும் கயிறு.

சத்துவம் இலேசானது, விளக்கிக் காட்டுவது. ரஜஸ் அசைவது, தூண்டுவது. தமஸ் கனமானது, மறைத்து நிறுத்துவது. இம்மூன்றும் ஒன்றையொன்று அடக்கியும், ஒன்றையொன்று சார்ந்தும், ஒன்றிலிருந்து ஒன்று எழுந்தும், எப்போதும் இணைந்தே நடக்கின்றன என்று சொன்ன காரிகை ஆசிரியர், முரண்பட்டவை எவ்வாறு கூடித் தொழில் செய்யும் என்ற ஐயம் எழுமென்று எதிர்பார்த்து, விளக்கை உவமை காட்டினார். சுடரை எண்ணெயில் அமிழ்த்தினால் நெருப்பு அணையும். நெருப்பு திரியைத் தின்னும். ஆயினும் அகலில் மூன்றும் சேர்ந்து ஒரே சுடராக நிற்கின்றன. நம் சேலம், நாமக்கல் சமவெளிக்காரர்களுக்கு இன்னும் பெரியதோர் அகல் கண்முன்னே இருக்கிறது. 1934இல் கட்டி முடிந்த மேட்டூர் அணையில், கற்சுவர் காவேரியை மறித்துக் கனத்துக் கிடக்கிறது. அந்தக் கனம் தேக்கிய நீர் இறங்கிச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அந்தச் சுழற்சி எங்கோ ஒரு வீட்டில் குழந்தை படிக்கும் விளக்காக எரிகிறது. மறிப்பது தமஸ், சுழல்வது ரஜஸ், ஒளிர்வது சத்துவம். ஒளிக்கு மட்டும் கைகூப்பிவிட்டு அணைச்சுவரை இகழ்கிறவன், எந்த ஒளியில் நின்றுகொண்டு இகழ்கிறான் என்பதை யோசிக்கவேண்டும்.

ஒரே பொருளுக்கு ஒரே குணமென்ற எண்ணத்தைப் பழைய உரைகாரர்களே மறுத்துவைத்திருக்கிறார்கள். வானை மூடி எழுந்த மேகம் உலகுக்கு இன்பம் தருகிறது, உழவனை ஏரோட்டத் தூண்டுகிறது, தலைவனைப் பிரிந்தவளை மயங்கச் செய்கிறது என்று காட்டி, ஒரு மேகத்திலேயே மூன்று குணமும் தொழிற்படுவதைக் கௌடபாதரின் காரிகையுரை விளக்குகிறது. ஆத்தூர்ச் சாலையில் ஒரு பிற்பகல் நின்று பார்த்தால் இந்த உரையை நூலின்றியே படிக்கலாம். மேற்கே கறுத்ததும், மானாவாரியில் நிலக்கடலை விதைத்தவன் முகம் மலர்கிறது. சேகோ ஆலைக் களத்தில் காயவைத்த ஜவ்வரிசியை வாரிச் சேர்க்கிற பெண்கள் பதைத்து ஓடுகிறார்கள். கருக்கலில் பாதை தெரியாமல் புளியமரத்தடியில் ஒதுங்கிய வழிப்போக்கன் செய்வதறியாது நிற்கிறான். மேகம் ஒன்றே. மூன்று குவியல்களில் அதை எந்தக் குவியலில் போடுவது?

எதிர்க்கட்சியாரின் பலமான ஆதாரம் சாங்கியத்தில் இல்லை, பகவத் கீதையில் இருக்கிறது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. 17ஆம் அத்தியாயம் ஆகாரத்தை மூவகையாகப் பிரிக்கிறதே, அது குவியல் பிரிப்பதுதானே என்பார்கள். அந்தச் சுலோகங்களை ஆர அமரப் படித்தால் மூன்று செய்திகள் தெரியவரும். முதலாவது, அங்கே எந்தக் காயும், எந்தக் கிழங்கும், எந்தப் பிராணியும் பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. வெங்காயமும் இல்லை, பூண்டும் இல்லை, முட்டையும் இல்லை. இரண்டாவது, ஆயுளையும் உள்ளத் தெளிவையும் பலத்தையும் ஆரோக்கியத்தையும் வளர்ப்பது, சாறும் நெய்ப்பும் உடையது என்று பயனையும் பதத்தையும் கொண்டே சாத்துவிக ஆகாரம் அடையாளம் காட்டப்படுகிறது. கைப்பு, புளிப்பு, உப்பு, காரம், கொதிக்கும் சூடு என மிகையைக் கொண்டே ராஜஸம். பதங்கெட்டது, சுவை போனது, நாறுவது, முதல் நாள் மிஞ்சியது, எச்சில், வேள்விக்கு ஆகாதது என நிலையைக் கொண்டே தாமஸம். மூன்றாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது: இந்த உணவு இன்ன குணத்தவர்க்குப் பிரியமானது என்பதே கீதையின் வாசகப் போக்கு. மனத்திலிருந்து இலைக்குப் போகிற வழியை அது காட்டுகிறது. நம்மவர்கள் இலையிலிருந்து மனத்துக்குத் திரும்பும் வழியாக அதை மாற்றி, போகிற வண்டியைப் பின்னோக்கி ஓட்டுகிறார்கள்.

இல்லை, சொல்லுக்குச் சொல் அப்படியே கொள்வோம் என்று பிடிவாதம் செய்வார்களானால், அதன் விளைவுகளையும் அவர்கள் ஏற்கவேண்டிவரும். தாமஸ உணவுக்கு முதல் அடையாளமாகச் சொல்லப்பட்ட யாதயாமம் என்பதற்கு அரைவேக்காடு என்று சங்கரர் பொருள் கொள்கிறார். சமைத்து ஒரு யாமம் கழிந்தது என்பர் வேறு உரைகாரர். யாமம் என்பது மூன்று மணி நேரம். அந்தக் கணக்கில், விடியற்காலையில் சமைத்து, அடுக்குப் பாத்திரத்தில் அடைத்து, சேலத்து அம்மாப்பேட்டைத் தறிக்கூடத்தில் உச்சிப்பொழுதில் திறக்கிற சோறு தாமஸம். இரவு நீரூற்றிவைத்த பழைய சோறோ சந்தேகமின்றித் தாமஸம். அதை உண்டு வெயிலில் நாள்முழுதும் ஏரோட்டுகிற மனிதனைச் சோம்பேறி என்று சொல்ல எவருக்கு நா எழும்? ஆறு மாதம் கெடாது என்று அச்சிட்ட பொட்டலத்தின்மேலேயே சாத்துவிக உணவு என்றும் அச்சிட்டு விற்கிறவர்கள், தாங்கள் மேற்கோள் காட்டும் அத்தியாயத்தை ஒரு முறையேனும் திறந்து பார்த்திருப்பார்களா? நாமக்கல்லில் 18 அடி உயரமாக வெட்டவெளியில் நிற்கும் ஆஞ்சநேயருக்கு அணிவிக்கும் வடைமாலையில் உப்பும் மிளகும் உண்டு. சொல்லுக்குச் சொல் கொண்டால் பிரம்மசாரியும் ஞானியுமான அந்த வாயுபுத்திரருக்கு நாம் ராஜஸத்தையே மாலையாகப் போடுகிறோம். அதே ஊரின் கோழிப்பண்ணைகளிலிருந்து போகிற முட்டை, பள்ளிக்கூடத்து மதிய உணவில் ஒரு ஏழைக் குழந்தையின் தட்டில் விழுந்து, பிற்பகல் பாடத்தில் தூங்கி விழாமல் அதை நிமிர்ந்து உட்காரச் செய்யுமானால், பலத்தையும் ஆரோக்கியத்தையும் தெளிவையும் வளர்ப்பது எதுவோ அதுவே சாத்துவிகம் என்ற கீதையின் அளவுகோல் அந்த முட்டையை எந்தப் பக்கம் வைக்கும்?

ஆகாரம் சுத்தமானால் சத்துவம் சுத்தமாகும் என்று சாந்தோக்கிய உபநிஷத்தே சொல்லுகிறதே என்பது அடுத்த ஆட்சேபம். அந்த வாக்கியத்தில் ஆகாரம் என்பதைச் சங்கரர் வாயால் உண்பதென்று கொள்ளவில்லை. கண்ணும் செவியும் மற்றப் புலன்களும் உள்ளே கொண்டுவரும் விஷய ஞானம் என்று கொண்டு, விருப்பு வெறுப்பின் அழுக்கில்லாத அறிவே சுத்தமான ஆகாரம் என்றார். இராமானுஜரோ உண்ணும் உணவென்றே கொண்டு, இனத்தாலும், கொடுப்பவராலும், நேர்ந்த தோஷத்தாலும் கெடாத உணவை வேண்டினார். ஆகவே உணவு நியமத்துக்குச் சாஸ்திரத்தில் இடமே இல்லை என்று நான் வாதிக்கவில்லை. இடமுண்டு, ஒரு சாதகன் தன் சாதனைக்காகத் தனக்கு விதித்துக்கொள்ளும் நியமமாக அதற்கு இடமுண்டு. அடுத்தவன் இலையை எட்டிப் பார்த்து அவன் ஆத்மாவை எடைபோடுகிற தராசாக அதற்கு எந்த ஆசாரியரிடத்தும் இடமில்லை.

புலால் மறுத்தலின் பெருமையைக் குறைக்கவும் இதை எழுதவில்லை. அந்த அறத்துக்குத் தமிழர் இட்ட அஸ்திவாரமே வேறு என்பதைத்தான் நினைவூட்டுகிறேன். வள்ளுவர் தம் 26ஆம் அதிகாரம் முழுவதையும் அதற்கே ஒதுக்கினார். அங்கே அவர் பெரிதும் வாதிப்பது அருளையும் ஒரு உயிர் படும் துன்பத்தையும் கொண்டே. உண்பவனுக்கு முக்குணத்தில் எது ஏறும் என்ற கணக்கு அங்கே இல்லை. உண்ணப்படுவதற்கு என்ன நேர்ந்தது என்ற பரிவே இருக்கிறது. அருளால் புலாலை விட்டவனுக்கு வெங்காயத்தின்மேல் பகை ஏற்படக் காரணமில்லை. குணத் தராசைத் தூக்கிக்கொண்டு அலைகிறவனுக்கே வெங்காயமும் வேட்டைப்பொருளாகிறது.

உணவைப் பற்றிய இந்தக் குவியல் கணக்கு எவ்வளவு தடுமாறுகிறது என்பதற்கு நம் ஊர் ஜவ்வரிசியைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. தென் அமெரிக்காவில் பிறந்து, போர்ச்சுகீசியர் வழியாக இந்தியக் கரைக்கு வந்த மரவள்ளியை, நம் உழவர்கள் குச்சிக்கிழங்கு என்று பெயரிட்டுத் தமதாக்கிக்கொண்டார்கள். 1940களில், உலகப் போரால் கடல்கடந்த சரக்கு நின்றுபோனபோது, சேலத்தில் அதிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் எழுந்தது. 1981இல் அதற்கெனக் கூட்டுறவுச் சங்கமும் ஏற்பட்டது. கிழங்கைத் தோல் சீவி, அரைத்து, சலித்து, மாவுப்பாலைத் தொட்டியில் விட்டுக் கலக்காமல் காத்திருக்கவேண்டும். கனமானது மெல்ல அடியில் படிந்து கெட்டிப்படும். மேல்நீரை வடித்துவிட்டு, அந்தப் படிவை உடைத்துக் குலுக்கி உருட்டி, சூடேற்றி, வெயிலில் காயவைத்தால் ஜவ்வரிசி. சாங்கியர் தமஸுக்குச் சொன்ன இலக்கணமாகிய கனமும் படிதலும் இல்லாவிட்டால், தொட்டியில் கலங்கல் நீரே மிஞ்சும். இவ்வாறு படிந்து பிறந்த ஜவ்வரிசி, மகாராஷ்டிரத்தாருக்கு விரத நாளில் தானியத்தை விலக்கிவிட்டு உண்ணத் தகுந்த தூய உணவாகிறது. முனிவர் எவரும் கண்டிராத கிழங்கு, சாஸ்திரம் எதுவும் பெயர் சொல்லாத பண்டம், அடியில் படிந்த மாவு. அதுவே ஏகாதசிக்கு உகந்ததென்றால், பொருளிலேயே குணம் எழுதி ஒட்டியிருக்கிறது என்ற வாதம் எங்கே நிற்கும்?

தமஸ் என்ற சொல்லுக்கே நாம் அநியாயம் செய்துவிட்டோம். அந்தச் சொல்வழி வந்த 'தாமதம்' நம் வாயில் காலக்கழிவு என்ற ஒரே பொருளில் தங்கிவிட்டது. தாமசமாக வந்தவன் என்றாலே குற்றவாளி. காரிகையோ தமஸின் தொழிலை நியமம் என்று சொல்லுகிறது: கட்டுப்படுத்தி நிறுத்துவது. லாரிகளுக்குக் கூண்டு கட்டுவதில் பெயர்பெற்ற நாமக்கல்லில் இதை விளக்க வியாக்கியானம் தேவையில்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாரவண்டியை ஏற்றிச் செல்பவனுக்கு இயந்திரத்தின் வேகமும் முன்விளக்கின் வெளிச்சமும் வேண்டும். இறங்கும்போது அவன் உயிர் பிரேக்கில் இருக்கிறது. பகலும் இரவும் ஓட்டிக் கண் எரிந்தவனுக்கு இன்றியமையாத தூக்கமும் தமஸே. நிறுத்தி உறங்க வேண்டிய இடத்தில் உறங்காதவனுக்குத் தமஸ் குறைந்துவிடுவதில்லை, ஓட்டும்போதே அது வந்து கண்ணை மூடுகிறது. மறுக்கப்பட்ட குணம் வஞ்சம் தீர்த்துக்கொள்ளும் விதம் அது. கீதை கண்டிப்பது அளவுமீறிய தூக்கத்தையும் கடமை மறந்த சோம்பலையும். இரவின் தூக்கத்தையும் அணையின் சுவரையும் பிரேக்கின் பிடியையும் கண்டிக்கவில்லை.

நாமக்கல் மலையே இந்த வாதத்தை எட்டாம் நூற்றாண்டில் கல்லில் வெட்டி நிறுத்தியிருக்கிறது. அதியர் குலத்துக் குணசீலன் குடைவித்து, அதியேந்திர விஷ்ணுகிருஹம் என்று பெயர் பெற்ற அரங்கநாதர் குடைவறையில், பெருமாள் பாம்பணைமேல் பள்ளிகொண்டிருக்கிறார். அதே மலையின் மறுபுறத்து நரசிம்மர் குடைவறையிலோ, இரணியனை மடியிலிட்டு வகிரும் உக்கிரம் சுவரில் பொங்கி நிற்கிறது. அங்கேயே நரசிம்மர் அமைதியாக வீற்றிருக்கும் கோலமும், உடன் பிரமனும் சிவனும் இருக்கும் காட்சியும் உண்டு. விஷ்ணு சத்துவ மூர்த்தி என்பது புராணப் பிரசித்தம். சத்துவமூர்த்தி ஒரு பக்கம் உறங்குகிறார், மறுபக்கம் சீறுகிறார், இடையே யோகத்தில் அமர்கிறார். ஒரு குன்றில் மூன்று நிலையும் ஒருவருக்கே. குணத்தை முத்திரையாகக் குத்தப் புகுந்தவர்களோ, புராணங்களையே சாத்துவிகம், ராஜஸம், தாமஸம் என்று தரம் பிரித்து, சிவனைப் பாடுபவற்றைத் தாமஸத்தில் தள்ளும் துணிவு வரை போனார்கள். பாத்ம புராணத்தில் அந்தப் பட்டியல் இருக்கிறது. முக்குணமும் பிரகிருதி மாயையின் காரியம், இறைவன் அதற்கு அப்பாற்பட்டவன் என்று விடையிறுத்த சைவ சித்தாந்திகள், அந்தச் சண்டையில் சாங்கிய மரியாதையைக் காப்பாற்றினார்கள் என்றே சொல்லவேண்டும். தெய்வத்தையே தரம் பிரித்த தராசு, மனிதனிடம் வந்தபோது மென்மையாக நடந்துகொள்ளும் என்று எதிர்பார்க்க முடியுமா?

மனிதனிடம் வந்த கதை மூன்றாம் படி. நான்கு வருணமும் குணத்தையும் கர்மத்தையும் கொண்டு வகுக்கப்பட்டன என்ற கீதை வாக்கியத்தை வைத்து, பிராமணனுக்குச் சத்துவம் மிகுதி, க்ஷத்திரியனுக்குச் சத்துவத்தைத் துணையாகக் கொண்ட ரஜஸ், வைசியனுக்குத் தமஸ் கலந்த ரஜஸ், சூத்திரனுக்கு ரஜஸ் கலந்த தமஸ் என்று சங்கர பாஷ்யமே பங்கிடுகிறது. சங்கரரின் வாக்கு என்பதற்காக இதை நாம் தலையசைத்து ஏற்கவேண்டியதில்லை. அவர் உரை எழுதிய அதே நூலின் 14ஆம் அத்தியாயம், ஒரு குணம் மற்ற இரண்டையும் அடக்கி மேலெழுவதும், பின்பு அடங்குவதும் மாறி மாறி நிகழ்வதாகக் கூறுகிறது. ஒரே மனிதனிடத்தில் காலையில் ஓங்கிய குணம் மாலையில் தாழுமென்றால், தந்தையிடத்தில் ஓங்கியது மகனுக்கும் பேரனுக்கும் பட்டா நிலம்போல் எப்படி இறங்கும்? மூன்று குணங்களிலிருந்து விடுபட்ட பிராணி மண்ணிலும் இல்லை, விண்ணின் தேவரிடையிலும் இல்லை என்று 18ஆம் அத்தியாயம் சொல்லும்போது, அங்கே எந்த வருணத்துக்கும் விலக்கு எழுதப்படவில்லை. சாங்கியத்தின்படியோ இந்தப் பேச்சு இன்னும் அபத்தமானது: குணங்கள் புத்தி, அகங்காரம், மனம் ஆகிய கருவிகளுக்கு உரியவை, புருஷனுக்கு, அதாவது உள்ளிருந்து காண்பவனுக்கு, குணமே இல்லை. ஒருவனைத் தாமஸன் என்பது, அவன் கையிலிருக்கும் அழுக்குக் கண்ணாடியைப் பார்த்து அவன் முகமே அழுக்கென்பது போல.

தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்த சேலத்து வெண்பட்டு நெசவாளியைப் பாருங்கள். இழுத்துக் கட்டிய பாவு அசையாமல் நிற்கவேண்டும். நாடா ஓயாமல் ஓடவேண்டும். ஓரிழை அறுந்தாலும் கண்டுபிடிக்கிற கண் விழித்திருக்கவேண்டும். நிலை, ஓட்டம், தெளிவு மூன்றையும் ஒரு மூச்சில் கூட்டி ஆளுகிற அந்த மனிதனுக்கு, தறியையே தொட்டறியாத ஒருவர் ஒற்றைக் குணப் பெயர் சூட்டுவது சாஸ்திரமன்று, துணிவு. இந்தத் துணிவைக் கண்டு வெகுண்டவர்கள் குணக் கொள்கையையே குப்பையில் எறியச் சொன்னதில் வியப்பில்லை; நீதிக்கட்சி திராவிடர் கழகமாக மாறிய 1944ஆம் ஆண்டு மாநாடு கூடிய இதே சேலத்தில், அந்தக் கோபத்துக்கு நியாயமான காரணங்கள் நிறையவே இருந்தன. ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். குணம் என்றால் பிறப்புத் தரம் என்ற பொருளை எதிரி சொன்னபடியே ஒப்புக்கொண்டு அதன்பிறகு அதை எறிவது, எதிரிக்கு அரை வெற்றியைக் கொடுத்துவிட்டு வருவதாகும். எறியவேண்டியது அந்தப் பொருளை, சொல்லை மீட்டுக்கொள்ளலாம்.

மீட்டு, என்ன செய்வது? கீதை கொடை மூன்றென்று பிரிக்கும் இடத்தில் விடை இருக்கிறது. கொடுப்பது கடமையென்று, கைம்மாறு கருதாமல் கொடுத்தது சாத்துவிகம்; பயனை எதிர்நோக்கி, மனம் நொந்து கொடுத்தது ராஜஸம்; மதிப்பின்றி, இகழ்ச்சியோடு கொடுத்தது தாமஸம். கொடுத்த காசு மூன்றிலும் ஒன்றே, சோறும் ஒன்றே. இடம், காலம், பெறுபவர் தகுதி ஆகியவற்றையும் கீதை சேர்த்துச் சொன்னாலும், குணம் முதன்மையாகக் கொடுத்தவன் உள்ளத்திலேயே மாறியிருக்கிறது. அந்த உள்ளத்தைப் பார்க்கக்கூடியவன் கொடுத்தவன் ஒருவனே. ஆகையால் முக்குண விசாரம் என்பது ஒருவன் தன்னையே சோதித்துக்கொள்ள வைத்த அளவுகோல். அயலானை அளக்க நீட்டும்போது அது பொய் அளவு காட்டும். சத்துவத்துக்கும் அந்தச் சோதனையில் சலுகை கிடையாது. சுகத்தின்மேலும் அறிவின்மேலும் பற்று ஏற்படுத்தி அதுவும் ஆத்மாவைக் கட்டுகிறது என்கிறது கீதை. பொன் விலங்கும் விலங்கே. குணங்களைக் கடந்தவனோ, தெளிவு வந்தாலும், செயல் வந்தாலும், மயக்கம் வந்தாலும் வந்ததை வெறுக்கமாட்டான். நம் குணவாதிகளுக்கு வெறுப்பே மூலதனம்.

அயலானிடம் உண்மையாகவே தமஸ் மிகுந்து, குடியிலோ சோம்பலிலோ அவன் அமிழ்ந்து கிடந்தால் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதா என்று கேட்கலாம். இந்தச் சமவெளியே அதற்கும் வழி கண்டிருக்கிறது. 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் ராஜாஜி தொடங்கிய காந்தி ஆசிரமம், மழை பொய்த்த கிராமத்துக்குக் குண உபதேசம் செய்யப் போகவில்லை. கையில் ராட்டினத்தைக் கொடுத்து, நூற்ற நூலுக்குக் கூலி கொடுத்தது. தீண்டாமையையும் கள்ளுக்கடையையும் ஒருங்கே எதிர்த்தது. 1937 அக்டோபர் 1ஆம் தேதி, சென்னை மாகாணத்தில் முதன்முதலாகச் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்ததற்குப் பின்னால் அந்தப் பன்னிரண்டு ஆண்டு வேலை இருந்தது. தமஸிலிருந்து ஏற ரஜஸ் வேண்டும், கைக்கு வேலை வேண்டும் என்று அறிந்தவர்கள் செய்த காரியம் அது. நீ தாமஸன் என்று ஒருவனிடம் சொல்வதால் அவன் கனம் இறங்குவதில்லை, சொன்னவனுடைய கனத்தையும் சேர்த்து அவன் சுமக்கிறான்.

இனி அந்தப் பந்திக்குத் திரும்பலாம். முகம் கோணாமல் வரிசை முழுதும் ஒரே விதமாகச் சாம்பார் ஊற்றிப் போன இளைஞனின் கொடையை, கீதையின் கணக்கில் சாத்துவிகம் என்று நான் அன்றே தீர்மானித்துவிட்டேன். பெரியவர் சொன்ன வார்த்தைக்கு உரிய பெயரையும் உடனே மனத்துக்குள் எழுதிக்கொண்டேன்; அவருக்கு என்னென்ன சுலோகங்களைச் சொல்லி மடக்கலாம் என்று ஒவ்வொரு கவளத்துக்கும் ஒன்றாக அடுக்கிக்கொண்டே உண்டேன். மோர் வந்தபோதுதான், சாம்பார் எப்படி இருந்தது என்பதே எனக்குத் தெரியவில்லை என்று உணர்ந்தேன். அவர் என் இலையைப் பார்த்து என் குணத்தை எழுதினார்; நான் அவர் இலையைப் பார்த்து அவர் குணத்தை எழுதினேன். தராசு கைமாறியதே தவிர, கீழே இறங்கவில்லை. எழுந்து கை கழுவப் போகையில் பெரியவர் வழுக்கும் தரையில் தடுமாறினார். நான் கையைக் கொடுத்தேன். "நல்லா இரு கண்ணு" என்றார். அந்தக் கணத்தில் எங்கள் இருவரிடத்திலும் எந்தக் குணம் மிகுந்திருந்தது என்று கணக்கிட எனக்குத் தோன்றவில்லை.